வீட்டு ஃபோட்டோ பிரிண்டர்: வறண்ட மாதத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

ஃபோட்டோ பிரிண்டர் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: எதில் படம் நன்றாக வரும்? இன்றைக்கு அந்தக் கேள்விக்கு அவ்வளவு எடை கிடையாது என்பேன். ஆறு நிறமோ அதற்கு மேலோ மை கொண்ட எந்த ஃபோட்டோ பிரிண்டரும் ஏற்ற பேப்பரில், சரியான செட்டிங்கில், முதல் வாரம் அழகான படத்தைத்தான் தரும். வேறுபாடு அதற்குப் பிறகுதான் தெரியத் தொடங்குகிறது. மூன்றாம் மாதம் வேலை மிகுந்து பிரிண்டரைத் தொடவே முடியாமல் போகும்போது அது என்ன ஆகிறது? அதன் அடியில் சேரும் கழிவு மைக்கு என்ன வழி? ஐந்தாம் ஆண்டில் புதுக் கணினி வாங்கினால் அதோடு ஒத்துப்போகுமா? பத்தாம் ஆண்டில் சுவரில் இருக்கும் படத்தில் முகத்தின் நிறம் அப்படியே இருக்குமா? பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள் இவை எதற்கும் பதில் சொல்வதில்லை.

பிரிண்டர் வாங்கிய புதிதில் எல்லோருக்கும் ஓர் உற்சாகமான மாதம் வாய்க்கும். பழைய படங்களையெல்லாம் தேடியெடுத்துப் பிரிண்ட் போடுவார்கள், உறவினருக்கும் அனுப்புவார்கள். அந்த மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எந்த பிரிண்டரும் லாபமாகவே தெரியும். என் யோசனை இதற்கு நேர் எதிரானது. ஆண்டிலேயே மிகக் குறைவாகப் பிரிண்ட் போடப்போகும் மாதம் எது, அந்த வறண்ட மாதத்தில் உங்கள் கையிலிருந்து எத்தனை படம் வெளியே வரும் என்று யோசியுங்கள். அந்த எண்ணை வைத்து முடிவெடுங்கள். கீழே நான் ஒப்பிடும் ஐந்து வழிகளையும் அந்த அளவுகோலில்தான் நிறுத்துப் பார்க்கிறேன்: பாட்டிலிலிருந்து தொட்டியில் மை ஊற்றும், ஆறு நிற டை மை கொண்ட இங்க் டேங்க் பிரிண்டர், கார்ட்ரிட்ஜில் ஓடும் டை மை பிரிண்டர், பிக்மென்ட் மை பிரிண்டர், அஞ்சலட்டை அளவுக்கான டை சப்ளிமேஷன் பிரிண்டர், கடைசியாக, பிரிண்டரே வாங்காமல் லேபுக்கு அனுப்புவது.

மை: கரைந்திருப்பதும் மிதந்திருப்பதும்

டை மையில் நிறம் திரவத்தோடு முழுக்கக் கரைந்திருக்கும். பேப்பரில் விழுந்ததும் மேற்பூச்சுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் கிளாஸி பேப்பரில் டை படங்களுக்கு அந்தச் சீரான பளபளப்பும் ஆழமான நிறமும் கிடைக்கின்றன. பிக்மென்ட் மையில் நிறம் மிக நுண்ணிய துகள்களாகத் திரவத்தில் மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் ரெசின் உறை மூடியிருக்கும். துகள்கள் பேப்பரின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றன. ஒளியோ காற்றோ வந்து தாக்கும்போது, துகளின் வெளிப்புறம் முதலில் அடி வாங்கும். உள்ளே இருக்கும் நிறம் தப்பிக்கும். டையில் ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியாக நின்று அடி வாங்குகிறது. இரண்டின் ஆயுள் வேறுபாட்டுக்கும் இதுதான் வேர்.

காற்று என்று சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். படம் மங்குவதற்கு வெயிலைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். 2000ஆம் ஆண்டு எப்சன் நிறுவனம் ஸ்டைலஸ் ஃபோட்டோ 870, 1270 என்ற டை மை பிரிண்டர்களைக் கொண்டுவந்தது. ஒளியைத் தாங்கும் என்ற உறுதியோடு விற்கப்பட்டவை. ஆனால் சிலருடைய வீடுகளில், குறிப்பிட்ட கிளாஸி பேப்பரில் போட்ட படங்கள் சில நாட்களிலேயே ஆரஞ்சு நிறமாக மாறின. அதே படம் வேறு சிலரிடம் மாறாமல் இருந்தது. சயான் (நீலப்பச்சை) டையைக் காற்றிலிருந்த ஓசோன் போன்ற வாயுக்கள் அழித்ததே காரணம். உடனே உலரும் நுண்துளைப் பூச்சு கொண்ட பேப்பர் அந்த வாயுக்களுக்கு வாசலைத் திறந்து வைத்திருந்தது. ஒளியை மட்டும் வைத்துச் சோதித்த சோதனைகளில் இது தென்படவே இல்லை. இன்றைய டை மைகள் அந்தத் தலைமுறையைவிட மிகவும் முன்னேறியவை. ஆனாலும் விதி மாறவில்லை: கண்ணாடிச் சட்டத்துக்குள்ளோ ஆல்பத்துக்குள்ளோ காற்றோட்டம் இல்லாமல் இருக்கும் டை படம் நெடுநாள் இருக்கும், ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய அதே படம் சீக்கிரம் வெளுக்கும்.

பிக்மென்ட்டும் தொடக்கத்தில் சிக்கலின்றி வரவில்லை. அதே 2000இல் வந்த ஸ்டைலஸ் ஃபோட்டோ 2000பி பிக்மென்ட் மையோடு மிக நீண்ட ஆயுளை வாக்களித்தது. ஆனால் பல்பு வெளிச்சத்தில் சரியாகத் தெரிந்த படம் ஜன்னலருகே கொண்டுபோனால் பச்சைச் சாயல் காட்டியது. பிறகு சாம்பல் நிற மைகள் சேர்ந்ததும் இது பெருமளவு குறைந்தது. இன்றும் கிளாஸி பேப்பரில் பிக்மென்ட் படத்தைச் சாய்த்துப் பார்த்தால் மை விழுந்த இடத்துக்கும் விழாத இடத்துக்கும் பளபளப்பில் வேறுபாடு தெரியும். கேனன் இமேஜ்புரோகிராஃப் புரோ-300இல் இருக்கும் குரோமா ஆப்டிமைசர் என்ற நிறமற்ற திரவம் இதைச் சமன்செய்யத்தான். பளபளப்பில்லாத மேட் பேப்பரிலும் பருத்திப் பேப்பரிலும் பிக்மென்ட்டுக்கு ஈடு கிடையாது. கறுப்பு வெள்ளைப் படங்கள் மேல் உங்களுக்குக் காதல் இருந்தால், பல சாம்பல் படிகள் கொண்ட பிக்மென்ட் பிரிண்டரில் பருத்திப் பேப்பரில் வரும் நிழல்களை ஒருமுறை நேரில் பாருங்கள். அதற்குப் பிறகு எந்த ஒப்பீட்டுக் கட்டுரையும் உங்கள் மனத்தை மாற்றாது.

ஆயுள் எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ஹென்றி வில்ஹெல்மின் சோதனைக்கூடம் தரும் மதிப்பீடுகள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் படத்தின் மேல் நாளொன்றுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் படும் என்ற அனுமானத்தில் அந்தக் கணக்கு நடக்கிறது. கோடாக் நிறுவனம் ஒரு காலத்தில் 120 லக்ஸை அடிப்படையாக வைத்துத் தன் பேப்பருக்கு ஆயுள் சொன்னது. இந்த ஒரு வேறுபாட்டாலேயே ஒரே படத்துக்கு ஏறத்தாழ நாலு மடங்கு ஆயுள் வித்தியாசம் வரும். எனவே பெட்டியில் ‘நூறு ஆண்டு’ என்று இருந்தால், எந்த வெளிச்சத்தில், எந்தப் பேப்பரில், கண்ணாடிக்குள்ளா வெளியிலா என்று பாருங்கள். ஆல்பத்துக்குள் இருட்டில் நூறு ஆண்டு என்பதும் சுவரில் நூறு ஆண்டு என்பதும் வேறு வேறு செய்திகள். நல்ல பேப்பரில் போட்ட பிக்மென்ட் படங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் நூறு ஆண்டைத் தாண்டும் என்ற மதிப்பீடுகளை நான் நம்புகிறேன். அவை துரிதப்படுத்தப்பட்ட சோதனையிலிருந்து நீட்டிப் போட்ட கணக்கு என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் நம்புகிறேன்.

பேரப்பிள்ளைகள் கையில் போய்ச் சேர வேண்டிய படம், விற்பனைக்குப் போகும் படம், வெளிச்சம் மிகுந்த சுவரில் மாட்டும் படம் என்றால் பிக்மென்ட். ஆல்பம், பரிசு, சில ஆண்டுக்கொருமுறை மாற்றும் சட்டங்கள் என்றால் டை போதும். கிளாஸியில் பார்க்கவும் அதுவே அழகு. பெரும்பாலான குடும்பங்கள் இரண்டாவது கூட்டத்தில்தான் இருக்கின்றன. ‘தொழில்முறை’ என்ற சொல்லுக்காக பிக்மென்ட் வாங்கி அவதிப்பட வேண்டாம்.

வறண்ட மாதம்

இங்கேதான் என் அளவுகோல் வேலைக்கு வருகிறது. இங்க்ஜெட் பிரிண்டரில் மையைத் துளித்துளியாகத் தெளிக்கும் பகுதிதான் ஹெட். அதில் உள்ள துளைகள் கண்ணுக்குத் தெரியாதவை. எப்சன் ஈடி-8550, ஷ்யூர்கலர் பி900 போன்றவை தெளிக்கும் மிகச் சிறிய துளியின் அளவு 1.5 பிகோலிட்டர். ஒரு பிகோலிட்டர் என்பது ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. அந்தத் துளையின் வாயில் மை காற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நீர் ஆவியானால் மை கெட்டிப்படும், கெட்டிப்பட்டால் அடைக்கும். டை மை அடைத்தால் புது மை பட்டு மறுபடி கரைய வாய்ப்பு அதிகம். பிக்மென்ட் துகளும் ரெசினும் காய்ந்து இறுகிவிட்டால் எளிதில் இளகாது. பயன்படுத்தாமல் மாதக்கணக்கில் வைக்கிற வீட்டுக்கு பிக்மென்ட் பிரிண்டரை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம்.

அடைப்பைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை எல்லா நிறமும் கலந்த ஒரு சிறு படம் பிரிண்ட் போடுங்கள். ஹெட் கிளீனிங் வேண்டாம், படம் போதும். கிளீனிங் ஓடினால் மை வீணாகக் கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. படம் போட்டால் அதே மை ஏதோ ஒரு பேப்பரில் பயனாகிறது. பலர் கவனிக்காத நுட்பம் ஒன்றும் இருக்கிறது. பல பிரிண்டர்களில் சாதாரண பேப்பருக்கென்று தனியாக பிக்மென்ட் கறுப்பு மை உண்டு. கிளாஸி பேப்பரில் அது ஒரு துளிகூட வெளியே வராது. வாரா வாரம் ஃபோட்டோ மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அந்தத் துளைகள் சும்மாவே கிடக்கும். எனவே சாதாரண பேப்பரில் ஒரு பக்கம் எழுத்தும் போட வேண்டும். அதேபோல மேட் கறுப்பும் ஃபோட்டோ கறுப்பும் ஒரே குழாயைப் பகிர்ந்துகொள்ளும் பழைய பிக்மென்ட் பிரிண்டர்களில் பேப்பர் வகையை மாற்றும் ஒவ்வொரு முறையும் குழாயைக் கழுவ மை செலவாகும். எப்சன் பி700, பி900 இரண்டிலும் இவற்றுக்குத் தனித்தனி வழி கொடுத்துவிட்டார்கள். பழைய பிரிண்டர் ஒன்று மலிவாகக் கிடைத்தால் இதை முதலில் விசாரியுங்கள்.

பிரிண்டரை அணைக்கும் முறையும் முக்கியம். அதன் பொத்தானை அழுத்தி அணைத்தால் ஹெட் தன் இருப்பிடத்துக்குப் போய் ரப்பர் மூடியின் மேல் அமரும். துளைகளுக்கு ஈரம் காக்கப்படும். சுவர் சுவிட்சைத் தட்டி அணைத்தால் பாதி வழியில் திறந்த வாயோடு நின்றுவிடலாம். குளிர்சாதனம் ஓடும் வறண்ட அறை, ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் மேசை, வெயில் விழும் ஜன்னலோரம் மூன்றும் பிரிண்டருக்கு ஆகாத இடங்கள்.

ஹெட்டின் அமைப்பிலும் இரு வகை உண்டு. கேனனும் ஹெச்பியும் மையைச் சூடாக்கிக் குமிழ் உண்டாக்கி, அந்த அழுத்தத்தில் துளியைத் தள்ளுகின்றன. எப்சனும் பிரதரும் மின்னழுத்தத்தில் வளையும் பீசோ தகட்டால் தள்ளுகின்றன. சூடாக்கும் ஹெட் காலப்போக்கில் தேயும், ஆனால் கேனனின் பல மாடல்களில் அதை நாமே கழற்றி மாற்றலாம். பீசோ ஹெட் பிரிண்டரின் ஆயுள் முழுக்க உழைக்கவென்று செய்யப்பட்டது. அது தீராமல் அடைத்துக்கொண்டால் சர்வீஸ் மையம்தான் வழி. அந்தச் செலவு பல வேளை பிரிண்டரின் விலையையே நெருங்கிவிடும். அடிக்கடி விடுப்பு விழும் வீட்டுக்கு மாற்றக்கூடிய ஹெட் மன நிம்மதி தரும்.

கார்ட்ரிட்ஜோடே ஹெட்டும் வரும் மலிவான பிரிண்டர்களைப் பற்றியும் நியாயமாக ஒரு வார்த்தை. கார்ட்ரிட்ஜ் அடைத்தால் புதிது போட்டதும் ஹெட்டும் புதிதாகிவிடும். அரிதாக ஆவணங்கள் மட்டும் போடுபவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் நாலு நிறத்தில் முகத்தின் மெல்லிய நிறங்களிலும் வானத்திலும் புள்ளி தெரியும். ஃபோட்டோவுக்காக அதை வாங்காதீர்கள்.

டேங்க், கார்ட்ரிட்ஜ், கழிவு

ஏ4 அளவில் விளிம்பு வரை நிறைந்த ஒரு படத்துக்கு மொத்தத்தில் ஒரு மில்லிலிட்டரைச் சுற்றி மை செலவாகும் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது கொள்ளளவைப் பாருங்கள். கேனன் பிக்ஸ்மா புரோ-200இன் டை கார்ட்ரிட்ஜ் ஒவ்வொன்றிலும் 12.6 மி.லி., புரோ-300இன் பிக்மென்ட் கார்ட்ரிட்ஜில் 14.4 மி.லி. எப்சன் பி700இல் 25, பி900இல் 50, கேனன் புரோ-1000இல் 80. ஈடி-8550க்கு ஊற்றும் பாட்டில்கள் 70 மி.லி. சிறிய கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது பிரிண்டரின் விலை மனத்துக்கு இதமாக இருக்கும். ஆண்டு முடிவில் மைக்குக் கொடுத்ததைக் கூட்டினால் அந்த இதம் கரைந்துவிடும். மில்லிலிட்டர் கணக்கில் ஒப்பிட்டால் பாட்டில் மை எப்போதும் மிக மலிவு.

மலிவு என்பதில் பணத்துக்கு அப்பாலும் ஒரு பயன் இருக்கிறது. மை விலை அதிகமான பிரிண்டரில் ஒவ்வொரு பிரிண்ட்டுக்கும் கை தயங்கும். தயக்கம் வந்தால் பிரிண்டர் சும்மா நிற்கும். நின்றால் அடைக்கும், அடைத்தால் கிளீனிங், கிளீனிங்கில் விலை உயர்ந்த மை வீண், மறுபடியும் தயக்கம். இந்தச் சுழலில்தான் பெரும்பாலான நல்ல ஃபோட்டோ பிரிண்டர்கள் வீடுகளில் செத்துப்போகின்றன. டேங்க் பிரிண்டரில் வாராந்தரப் படத்தை யோசிக்காமல் போடலாம். ஆகவே அதன் ஹெட்டும் நன்றாக இருக்கும். டேங்க் வகையை நான் முதன்மையாகப் பரிந்துரைப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். அதில் மை மலிவாகிவிட்டதால் செலவின் பெரும்பங்கு பேப்பருக்குப் போய்விடும் என்பதும் உண்மை. நல்ல பேப்பர் வாங்க அந்த மிச்சம் உதவட்டும்.

டேங்க்குக்குச் சில சங்கடங்கள் உண்டு. மை மாதக்கணக்கில் தொட்டிக்குள் கிடக்கும். திறந்த மையை ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தச் சொல்வது வழக்கமான அறிவுரை. அது தாண்டினால் உடனே கெட்டுவிடுவதில்லை என்றாலும், ஆண்டுக்கணக்கில் தீராத மையை வைத்திருக்கும் வீட்டுக்கு அவ்வளவு பெரிய தொட்டி தேவையில்லை. வீடு மாறும்போது தொட்டியில் மையோடு பிரிண்டரைச் சாய்த்தால் கசியும். உற்பத்தியாளர் சொன்னபடி பூட்டி, மட்டமாகவே தூக்கிச் செல்ல வேண்டும். நிறைய ஃபோட்டோ டேங்க்குகள் டை மை என்பதால் முன்பு சொன்ன ஆயுள் எல்லையும் அவற்றுக்கு உண்டு.

கழிவு மை பற்றிக் கடைக்காரர் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார். ஒவ்வொரு கிளீனிங்கிலும், விளிம்பில்லாப் படம் போடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மை உள்ளே இருக்கும் பஞ்சில் விழுகிறது. உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். எல்லை வந்ததும் பிரிண்டர் நின்றுவிடும். மை நிரம்பியிருந்தாலும், ஹெட் நன்றாக இருந்தாலும் நின்றுவிடும். பழைய டேங்க் மாடல்கள் பலவற்றில் இதற்கு சர்வீஸ் மையத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. ஈடி-8550, பி700, பி900, புரோ-1000 போன்றவற்றில் நாமே கழற்றி மாட்டும் மெயின்டெனன்ஸ் பெட்டி இருக்கிறது. பல ஆண்டு வைத்திருக்க வாங்குபவர் இந்த ஒன்றைக் கேட்காமல் வாங்கக் கூடாது. எத்தனை நிறம், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

வேறு நிறுவன மை போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆவணத்துக்குப் போடுங்கள். ஃபோட்டோவுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நிறம் பேப்பரின் புரொஃபைலோடு (அந்தப் பேப்பரில் நிறம் எப்படி விழும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்போடு) ஒத்துப்போகாது, ஆயுளுக்கு எவரும் பொறுப்பில்லை. 2016 செப்டம்பரில் ஹெச்பியின் சில மாடல்கள் ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) காரணமாக வேற்றுக் கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தது பெரிய செய்தியாயிற்று. அப்படியொரு நாள் திடீரென வரலாம். அசல் பாட்டில் மையே மலிவாகக் கிடைக்கும்போது இந்தச் சூதாட்டத்துக்குத் தேவையும் இல்லை.

வீட்டில் இங்க்ஜெட் இல்லாமல்

வறண்ட மாதத்துக்கு உங்கள் பதில் ‘ஒன்றுமில்லை’ என்றால், இங்க்ஜெட்டே வேண்டாம். இரண்டு நல்ல மாற்று வழிகள் இருக்கின்றன.

கேனன் செல்ஃபி போன்ற டை சப்ளிமேஷன் பிரிண்டரில் திரவ மையே கிடையாது. ரிப்பனில் இருக்கும் மஞ்சள், மெஜந்தா, சயான் நிறங்களைச் சூட்டால் ஒன்றன்பின் ஒன்றாகப் பேப்பருக்கு ஏற்றி, கடைசியில் ஒளிபுகும் பாதுகாப்புப் படலம் பூசும். ஓராண்டு அலமாரியில் வைத்திருந்து எடுத்தாலும் முதல் படமே சரியாக வரும். ரிப்பனும் பேப்பரும் எண்ணிக்கைக்கு எண்ணிக்கை சேர்ந்தே வருவதால் ஒரு படத்துக்கு என்ன செலவு என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். எல்லை அளவில்தான்: 100க்கு 148 மில்லிமீட்டர், அவ்வளவே. பயன்படுத்திய ரிப்பனில் உங்கள் படத்தின் நெகட்டிவ் பதிந்திருக்கும் என்பதால் அதைக் குப்பையில் போடுமுன் கிழித்துப் போடுங்கள். குழந்தைகளின் படங்களை வெளியே யாருக்கும் அனுப்ப விரும்பாத, ஆனால் பெரிய அளவு தேவைப்படாத வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியாது.

லேப் இன்னொரு வழி. பழைய ஆர்ஏ-4 முறையில் ஒளிபட்டு ரசாயனத்தில் கழுவி வரும் வெள்ளி உப்புப் பேப்பர் படங்களில் புள்ளிகளே இல்லாத தொடர்ச்சியான நிறம் இருக்கும். தோலின் நிறத்தில் அது இன்னும் அழகு. ஒரு படத்துக்கான செலவில் வீட்டுப் பிரிண்டர் அதை வெல்வது கடினம். இப்போது பல சிறு லேப்களில் ரசாயனம் இல்லாத ட்ரை மினிலேப் வந்துவிட்டது. அதற்குள் இருப்பதும் டை மை இங்க்ஜெட்தான். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தானாக நிறம் திருத்துவதை நிறுத்தச் சொல்லவும் மறக்காதீர்கள். நீங்கள் வேண்டுமென்றே இருட்டாக எடுத்த அந்திப் படத்தை இயந்திரம் பட்டப்பகலாக்கி அனுப்பிவிடும்.

அப்படியானால் வீட்டில் எதற்கு பிரிண்டர்? படத்தைக் கையில் எடுத்து, நிழலைக் கொஞ்சம் திறந்து, மறுபடி போட்டு, பேப்பரை மாற்றி, மறுபடி போட்டு, ‘இதுதான்’ என்று நிற்கும் அந்த உழைப்புக்காக. அது பிடித்திருந்தால் செலவுக் கணக்கு இரண்டாம் பட்சம். பிடிக்காதவருக்கு லேப் போதும்; அதில் குறைவு ஒன்றும் இல்லை. இருட்டாக வருகிறது என்று பிரிண்டரைத் திட்டுமுன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா என்பது பிரிண்டோடு ஒப்பிட ஏற்ற அளவு. பெரும்பாலான திரைகள் அதைவிட மிகப் பிரகாசமாக ஓடுகின்றன. பேப்பர் நிறுவனம் தரும் ஐசிசி புரொஃபைலை உங்கள் மாடலுக்கென்று எடுத்துப் போட்டு, டிரைவரின் (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருளின்) நிறத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் முகங்கள் சிவந்து போகும்.

நீண்ட கால வாழ்க்கையில் தட்டுப்படுபவை

டிரைவர் ஒரு மௌனமான ஆபத்து. மைக்ரோசாஃப்ட் 2023இல், பிரிண்டர் நிறுவனங்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியே வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. பொது டிரைவரில் படம் வரும், ஆனால் பேப்பர் வகை, தரம், புரொஃபைல் ஆகிய நுண்ணிய தெரிவுகள் குறைந்துபோகும். ஃபோட்டோவுக்கு அவைதான் உயிர். உங்கள் மாடலின் டிரைவர் கோப்பை இப்போதே இறக்கி ஒரு தனி இடத்தில் சேமித்து வையுங்கள். மாடல் தேர்வு செய்யும்போது, அதே மையைப் பல மாடல்கள் பகிர்ந்துகொள்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரே ஒரு மாடலுக்கென்று செய்த கார்ட்ரிட்ஜ் அந்த மாடலோடு சேர்ந்தே கடையிலிருந்து மறையும்.

படம் வெளியே வந்த பிறகும் வேலை இருக்கிறது. பளபளப்பான ஆர்சி பேப்பர் (பிளாஸ்டிக் பூச்சு கொண்டது) தொட்டால் உலர்ந்ததுபோலத் தோன்றும்; உள்ளே மையில் இருக்கும், மெதுவாக உலரும் கிளைக்கால் என்ற திரவம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கும். உடனே சட்டத்துக்குள் அடைத்தால் சில வாரங்களில் கண்ணாடியின் உட்புறம் மூடுபனிபோல் படலம் படியும். ஒரு நாளாவது வெறும் பேப்பர் ஒன்றை மேலே போட்டு ஆறவிட்டு, பிறகு சட்டம் போடுங்கள். ஆல்பத்துக்கு பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை. பிவிசி உறை வேண்டாம். ஃபோட்டோ பேப்பரை பிரிண்டரின் பின்னால் செருகியபடியே விட்டுவைத்தால் வளைந்து தூசி சேரும், வளைந்த விளிம்பு ஹெட்டை உரசும்.

நாசில் செக்கில் (துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கப் போடும் சோதனைப் பக்கத்தில்) கோடுகள் விடுபட்டால் மூன்று கிளீனிங்குக்கு மேல் விடாமல் ஓட்டாதீர்கள். மை தீரும், கழிவுப் பெட்டி நிரம்பும், பலன் இராது. ஓர் இரவு அப்படியே விட்டு, மறுநாள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஊறிய அடைப்பு பல வேளை திறந்துகொள்ளும். அதற்கும் அசையாவிட்டால் ஹெட் மாற்றச் செலவு என்னவென்று கேளுங்கள். அது புது பிரிண்டர் விலையில் பாதியைத் தாண்டினால், உடனே இன்னொன்று வாங்காமல் ஒரு மூன்று மாதம் லேபுக்கு அனுப்பிப் பாருங்கள். மூன்று மாதத்தில் வீட்டுப் பிரிண்ட்டைத் தேடவே இல்லையென்றால் லேபிலேயே தொடருங்கள். தேடினால், இம்முறை மெயின்டெனன்ஸ் பெட்டியோடு வரும் ஆறு நிற டேங்க் ஒன்றைப் பாருங்கள். மேட் பேப்பரையும் கறுப்பு வெள்ளையையும்தான் தேடினீர்கள் என்றால், வாரம் ஒரு படம் உறுதி என்ற நிபந்தனையோடு பிக்மென்ட்டுக்குப் போங்கள்.